பொன்னமராவதி ரோட்டுச் சிமிட்டித் தடம்

எனக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய அன்று, செக்‌ஷன் ஆபீசில் இளம் ஓவர்சியர்கள் இருவர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். மாட்டு வண்டியைத் தார் ரோட்டில் விடலாமா கூடாதா என்பதுதான் விஷயம். ஒருவர் வண்டியை அடியோடு தடை செய்ய வேண்டும் என்றார். மற்றவர், லாரிக்கு ஒரு பாதை, வண்டிக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை என்று பிரித்துவிட்டால் சண்டையே இருக்காது என்றார். அவர் ஏதோ பத்திரிகையில் படித்தாராம், வெளிநாட்டில் டிரைவரே இல்லாமல் கார் ஓடப் போகிறதாம். இந்தக் காலத்தில் போய் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சொல்லுங்க சார். காலமெல்லாம் ரோட்டுலயே கெடந்தவுக நீங்கதான்."

விழா நாயகன் அழுமூஞ்சியாக இருந்தால் நன்றாக இருக்காது. "எல்லாம் நடக்கும் தம்பி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு லட்டைத் தின்றேன். ஆனால் பேசுவதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. மாலையும் கழுத்துமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது மாலை இல்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது நான் மராமத்து இலாகாவில் ரோடு மேஸ்திரி. ராஜா காலத்துச் சம்பளக்காரர்களான எங்களை மதராஸ் சர்க்கார் என்ன செய்யுமோ என்று ஆளாளுக்குப் பயந்துகொண்டிருந்தோம். ஒன்றும் செய்யவில்லை. அதே ரோடு, அதே கப்பி, அதே வெயில். ஆபீஸ் மட்டும் திருச்சிக்குப் போயிற்று. கல் உடைப்பவர்களிடம் கப்பியின் அளவு பார்ப்பது, சரளை பரப்புவது, நீர் தெளித்து ரோடு இஞ்சினை மேலே ஓட்டுவது, மழைக்கு முன் மதகுகளைச் சுத்தம் செய்வது என்று எல்லாவற்றையும் திட்டு வாங்கித்தான் கற்றேன். பிறகு ரோடு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வந்தது. திட்டுவது என் முறை ஆயிற்று. அதில் நான் குறை வைக்கவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதி போகிற ரோட்டுக்குத் தார் போட்ட பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா. சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடக்கும்போது, கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போனால், கத்தி போட்டுக் கீறியது போல ரோடு கிழிந்துவிடும். நான் ஒட்டுப் போட்டுக்கொண்டே வருவேன், அவர்கள் கிழித்துக்கொண்டே போவார்கள். பஸ்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், நான் வண்டிக்காரர்களைத் திட்டுவேன், வண்டிக்காரர்கள் மாட்டைத் திட்டுவார்கள்.

அப்போதுதான் சுந்தரேசன் ஐயா எங்களுக்கு அசிஸ்டண்ட் இன்ஜினியராக வந்தார். மதராசில் படித்தவர், ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. ரோட்டைப் பார்க்க ஜீப்பில் வர மாட்டார். ஜீப்பில் போனால் ரோடு தெரியாது, டிரைவரின் முதுகுதான் தெரியும் என்பார். சைக்கிளில் வந்து, பிறகு அதையும் உருட்டிக்கொண்டு நடப்பார். சந்தேகம் வந்தால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை ரோட்டில் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதைப் போல. கல் உடைக்கும் பெண்களைக்கூட "வாங்க, சொல்லுங்க" என்றுதான் பேசுவார். அதைக் கேட்டு அவர்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. நாம் எந்தப் பதிலைச் சொன்னாலும் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். மதகு அடைத்துக்கொண்டது என்றால், "அப்புறம்?" தண்ணீர் ரோட்டில் ஏறும் என்றால், "அப்புறம்?" இப்படியே நாலு தடவை கேட்டால் நாம் மறைத்தது, மறந்தது எல்லாம் வெளியே வந்துவிடும். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு நானே என் ஆட்களிடம் "அப்புறம்?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

தார் ரோட்டுக்குப் பக்கத்திலேயே வண்டிச் சக்கரம் உருள்வதற்கு இரண்டு சிமெண்டுப் பட்டைகள் போடலாம் என்பது அவருடைய யோசனை. வேறு சில இடங்களில் போட்டுப் பார்த்திருக்கிறார்களாம். அதற்குச் சம்மதம் கேட்க ஒரு கூட்டம் போட்டார். சர்க்கார் வேலைக்கு வண்டிக்காரனிடம் சம்மதம் கேட்ட அதிகாரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பொன்னமராவதியில் ஒரு அரிசி மில்லின் நெல் காயப்போடும் களத்தில், கொளுத்தும் சித்திரை மாதம், கீற்றுப் பந்தலின் கீழ் கூட்டம். ஒரு பக்கம் பஸ் முதலாளிகளும் டிரைவர்களும், மறுபக்கம் வண்டிக்காரர்கள், நடுவில் மண்டிக்காரர்கள்.

பஸ் முதலாளி ஒருவர் எழுந்தார். "இவுக ரோட்டுக்கு நடுவுலதான் போறாக. ஹாரன் அடிச்சா மாடு திரும்பிப் பாக்குது. ஆளு திரும்பிப் பாக்குறதில்ல."

"ரோடு உண்டான நாள்லேருந்து நாங்க போறோம். நீங்க நேத்து வந்தவுக" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

சக்கரத்துக்கு ரப்பர் டயர் போட்டுக்கொள்ளலாமே என்றார் ஐயா. "பஞ்சரானா யாருங்கய்யா ஒட்டுறது? மாடா?" என்று கேட்டார்கள். களம் முழுவதும் சிரிப்பு. ஐயாவும் சிரித்தார். பிறகு சாக்கட்டியால் களத்துத் தரையில் தார் ரோட்டை வரைந்து, அதன் ஓரமாக இரண்டு பட்டைகளை வரைந்தார். "மாட்டுக்குத் தண்டவாளமா? டிக்கெட்டு உண்டுங்களா?" என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு.

ஐயா சாக்கட்டியைக் கீழே வைத்தார். "ஒரு நாள் இந்த ரோட்டுல மாட்டு வண்டியே இருக்காதுங்க. எல்லாம் லாரி, காராத்தான் இருக்கும். அது வர இன்னும் ரொம்ப வருஷம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இதுலதான் போயாகணும். ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்காமப் போக என்ன வழின்னுதான் கேக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்தார். "ஒரே ஒரு தடம்தான் போட முடியும். போறவங்களும் வர்றவங்களும் அதுலதான் போகணும். எதிர் எதிரே வண்டி வந்தா ஒதுங்க அங்கங்கே சிமெண்டு மேடை கட்டலாம்னு இருக்கேன். ஆனா அந்தச் சிமெண்டு இருந்தா தடத்தையே இன்னும் கொஞ்ச தூரம் நீட்டலாம். ரெண்டுல எது வேணும்?"

வண்டிக்காரர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு காரையூர்ப் பக்கத்துச் செல்லையா எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நல்ல வாட்டசாட்டமான ஆள். அவருடைய வெள்ளை மாடுகளை அந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"தடத்த நீட்டுங்கய்யா. ஒதுங்க எடம் எதுக்கு? எங்களுக்குள்ள அதுக்கு வழக்கம் இருக்கு. வெறும் வண்டி எறங்கிக்கிரும், பார வண்டி நேரா போயிரும். வழி விடமாட்டேன்னு சண்டை போட்ட ஆளு இந்தப் பக்கத்துல எவனும் கெடையாது."

வண்டிக்காரர்கள் கை தட்டினார்கள். அவர் சொன்னது முழுக்க உண்மை. மூட்டை ஏற்றிய வண்டி தடத்தை விட்டு இறங்கினால் மறுபடி ஏறுவதற்குள் மாட்டுக்கு உயிர் போய்விடும். வெறும் வண்டி சுலபமாக இறங்கும், சுலபமாக ஏறும். பஸ்காரர்களுக்கும் மனம் நிறைந்தது, வண்டிகள் தாரை விட்டு ஒழிந்தால் போதும் அவர்களுக்கு. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். தன் கேள்விக்கு ஜனங்களே பதில் சொல்லிவிட்ட சந்தோஷம் அதில் இருந்தது. அன்று அவர் "அப்புறம்?" என்று கேட்கவில்லை.

அடுத்த கோடைக்கு முன் தடம் போட்டு முடிந்ததும் இரு முனையிலும் போர்டு நட்டோம். மாட்டு வண்டிகள் தார்ச் சாலையில் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. ஏறச் சொன்னாலும் அவர்கள் ஏறியிருக்க மாட்டார்கள். சிமெண்டில் சக்கரம் வழுக்கிக்கொண்டு உருண்டது. மாடுகள் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே சரளையில் நடந்தன. அதிகப்படியாக இரண்டு மூட்டை ஏற்றினாலும் முக்காமல் முனகாமல் போயின. சிமிட்டித் தடம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எதிரே வண்டி வந்தால் வெறும் வண்டி தடத்துக்கு வெளிப்புறம் மண்ணில் இறங்கி, பார வண்டி போனதும் ஏறிக்கொள்ளும். போகிற போக்கில் நாலு வார்த்தை கேலி பேசிக்கொள்வார்கள். ஒரு கோடை முழுக்க ரோட்டில் எனக்குத் திட்டுகிற வேலையே இல்லை.

பஸ்கள் வேகமெடுத்தன. முன்பெல்லாம் தூரத்தில் வண்டியைக் கண்டாலே ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து, உருட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது வண்டி தன் பாட்டுக்குத் தடத்தில் போகிறது, தார் முழுக்கத் தங்களுக்கு என்றான பிறகு ஹாரனுக்கு என்ன அவசியம்? அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதற்காகத்தானே தடம் போட்டதே.

ஐப்பசி மழை வந்தது.

அடைமழைக்குப் பின் ஒரு சந்தை நாள், பிற்பகல். தூறல் நின்றிருந்தது. தடத்துக்கு நடுவே சரளை அரித்துப் போயிருந்ததால் நான் ஆட்களோடு நிரப்பிக்கொண்டிருந்தேன். வெளிப்புறத்து மண் குழைந்து கூழாகிக் கிடந்தது. அதற்கு அப்பால் பள்ளத்தில் செம்மண் தண்ணீர் நிறைய ஓடியது. செல்லையா கடலையை மண்டியில் இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் அவருடைய மனைவி பொன்னாத்தா, பின்புறம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கடக்கும்போது, "என்னங்க, ரோட்டுக்குச் சோறு ஊட்டுறீகளா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை.

கொஞ்ச தூரத்தில் எதிரே பார வண்டிகள் வரிசையாக வந்தன. செல்லையா வழக்கப்படி இறங்க வேண்டும். மண் பக்கம் பார்த்தார். அங்கே இறங்கினால் சக்கரம் அச்சு வரை புதையும், பள்ளத்தில் சாய்ந்தாலும் சாயும். அதனால் மறுபக்கம், தார் ரோட்டின் மேல் மாட்டைத் திருப்பினார். முந்திய நாள்களில் மற்ற வெறும் வண்டிகளும் அப்படித்தான் செய்திருந்தன. நனைந்த தாரில் லாடம் அடித்த கால் நிற்காது. வலத்து மாடு வழுக்கி முழங்காலிட்டது. வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது.

பின்னாலிருந்து பஸ் வந்தது. டிரைவர் தங்கராசு பிரேக்கை மிதித்ததை நான் பார்த்தேன். பஸ் நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டே வந்து வண்டியின் பின்பக்கத்தில் மோதியது.

நாங்கள் ஓடினோம். பொன்னாத்தாவைத் தூக்கிச் சுமக்கும்போதே உயிர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செல்லையாவிடம் யாரும் சொல்லவில்லை. அவருடைய தோள் முறிந்து தொங்கியது. அதைப் பற்றி நினைப்பே இல்லாமல், விழுந்த மாட்டின் நுகத்தடிக் கயிற்றை அவிழ்க்க முயன்றுகொண்டே, "அவளப் பாருங்க, அவளப் பாருங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கராசு ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து, "தடத்துல போற வண்டி தார்ல ஏறாதுன்னு நெனச்சேன், ஏறாதுன்னு நெனச்சேன்" என்று தன் தலையிலேயே குத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

விசாரணை டிராவலர்ஸ் பங்களா வராந்தாவில் நடந்தது. திருச்சியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மண் குழைந்திருந்தது, இறங்க இடமில்லை என்று நான் சொன்னேன். "போர்டு இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "போதும், உட்காருங்க" என்றார்.

செல்லையாவைக் கூப்பிட்டார்கள். தோளில் கட்டு. அந்த வாட்டசாட்டமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"போர்டைப் படிக்கத் தெரியாதா உனக்கு?"

"படிக்கத் தெரியாதுங்க. என்ன போட்டிருக்குன்னு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஏறினே?"

"எதிர்ல பார வண்டிங்க. என்னுது வெறும் வண்டி. வெறும் வண்டிதானுங்க எறங்கணும்."

அதிகாரி எழுதிக்கொண்டார். அப்போது சுந்தரேசன் ஐயா எழுந்தார். செல்லையா மேல் பழி விழாமல் ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். எதிரே வந்தவர்களும் இறங்கியிருக்கலாமே என்று காட்டப் பார்த்து, அந்தத் தவிப்பில்தான் கேட்டார்.

"செல்லையா, உங்க வண்டியில ஆள் இருந்தாங்களே. அப்ப அது வெறும் வண்டி இல்லையே. நீங்க இறங்க வேண்டிய அவசியமே இல்லையே?"

கேட்டு முடிப்பதற்குள் என்ன கேட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். செல்லையா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"மூட்டை இருந்தாத்தானுங்க பார வண்டி" என்றார் மெதுவாக. "பொண்டாட்டி ஏறியிருக்கா, நீ எறங்குன்னு எதுத்தாப்புல வர்றவன்கிட்டச் சொன்னா ஊரு சிரிக்காதுங்களா?"

பிறகு, "சிரிச்சிருந்தா சிரிச்சிட்டுப் போயிருக்கட்டும்" என்றார். அவருடைய மச்சினன் வந்து அணைத்துப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

வண்டிக்காரர் விதியை மீறித் தார்ச் சாலையில் ஏறியதே விபத்துக்குக் காரணம் என்று முடிவாயிற்று. தடத்தின் மேல் குறை இல்லை, பஸ்ஸின் மேல் குறை இல்லை. ஒதுங்கும் மேடைகள் கட்ட வேண்டும் என்று ஐயா மேலிடத்தில் கேட்டார். விபத்து விதி மீறலால் வந்தது, மேடை இல்லாததால் வந்ததில்லை என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார், மறுபடியும் அதே பதில். அவரை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். தண்டனை மாற்றல் இல்லை, வழக்கமாக வருவதுதான்.

போவதற்கு முன் ஒரு தடவை என்னோடு அந்த இடம் வரைக்கும் நடந்து வந்தார். சைக்கிளை நான் உருட்டினேன். திரும்பும்போது, "கூட்டத்தை மழைக்காலத்துல வச்சிருக்கணும் மாணிக்கம்" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஜன்மம் நான். "பந்தல் ஒழுகியிருக்கும் சார்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

பின்னால் ரோட்டை அகலப்படுத்தியபோது தடத்தின் மேலேயே தாரை ஊற்றினோம். அதையும் நான்தான் நின்று செய்தேன். தனிப் பாதை போட்டால் சண்டை தீரும் என்கிற தம்பிக்கும், தடை போட்டால் தீரும் என்கிற தம்பிக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: அன்று அந்தக் களத்தில் கூடியவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நல்லதைத்தான் பேசினோம், எல்லோரும் கை தட்டினோம். டிரைவர் இல்லாத கார் வருமா என்பது எனக்குத் தெரியாது. வந்தால் வரட்டும். அது எதிரே வருகிறவனுக்காக எந்தப் பக்கம் இறங்கும் என்பதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாரை ஊற்றுவதற்கு முந்திய வருஷங்களில் செல்லையாவை ரோட்டில் பார்ப்பேன். தோள் கூடி மறுபடி வண்டி கட்டினார். ஆனால் வண்டியில் ஏறி உட்கார மாட்டார். மாட்டுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடப்பார். பேச்சுக் கொடுத்தால் "ஆமாங்க" என்பதோடு சரி.

ஒரு மழை நாளில், சந்தையிலிருந்து அவர் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியில் ஒன்றுமில்லை. எதிரே கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் மூன்று நான்கு வந்தன. நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். செல்லையா கயிற்றைத் திருப்புவதற்கு முன்பே, முன்னால் வந்த பார வண்டி சேற்றில் இறங்கியது. அதன் பின்னால் வந்ததும் இறங்கியது. எல்லாம் இறங்கின. சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன. செல்லையா நிமிர்ந்து பார்க்காமல் மாட்டை நடத்திக்கொண்டு தடத்திலேயே கடந்து போனார்.

நானும் என் ஆட்களும் போய்த் தோள் கொடுத்தோம். கடைசி வண்டிக்காரர் காரைக்குடிப் பக்கத்து ஆள், இந்த ரோட்டுக்குப் புதியவர். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு கத்தினார்.

"வெறும் வண்டிக்குப் போயி பார வண்டிய எறக்குறீகளே, ஒங்களுக்கெல்லாம் கிறுக்கா?"

முன் வண்டிக்காரர் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்தபடியே திரும்பினார்.

"செல்லையா வண்டிக்கு நாங்க எறங்குவோம்யா. பேசாமத் தள்ளு."